பாக்கி

காலரில் மைக் குத்தும்போது பெயர் கேட்பேன்.
ஒலி சோதிக்க வேறு வார்த்தை எனக்கு வராது.
"முத்திந்தா ஹமூங்கா" என்றாள்.
பெயரில் முத்து இருக்கிறதே என்றேன்,
என் அரைகுறை ஆங்கிலத்தில்.
சிரித்தாள்.
வரிசையாய் ஆண்பிள்ளை பிறந்த வீட்டில்
மாறிப் பிறந்தவளுக்கு இடும் பெயராம்.
மீட்டரில் பச்சை துள்ளி
மஞ்சளைத் தொட்டு இறங்கியது.
நல்ல குரல். இரைச்சல் இல்லை.

ஜாலான் அம்பாங், பதினோராம் மாடி,
குளிர்சாதனம் பதினெட்டில்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
சிவப்பு விளக்கு எரிந்தால் அடைத்துவிடு:
செயலகத்துப் பெண் எனக்குச் சொன்னது இவ்வளவே.
மணிக்குப் பதினான்கு ரிங்கிட்.
விரலுக்கடியில் பொத்தான்.

ஜாம்பியாவின் தெற்கே ஒரு பள்ளத்தாக்கு.
ஆற்றை மறித்து அணை எழுந்தபோது
அவள் அப்பா பிறந்த ஊர் நீருக்கடியில் போனது.
லோரியில் ஏற்றி மேட்டில் இறக்கினார்கள்.
மின்சாரம் அவர்கள் தலைக்கு மேலே
கம்பியில் நடந்து போய்
எங்கோ ஒரு சுரங்கத்தில் இறங்கியது.
இப்போது மழை இல்லை.
அணைக்கே தாகம்.
நாற்பத்தொரு மூட்டை சோளம் கொடுத்த நிலம்
போன வருடம் கொடுத்தது மூன்று.

"தண்ணீர் வந்து ஒரு முறை எழுப்பினீர்கள்.
தண்ணீர் வராமல் இன்னொரு முறை.
இரண்டு தடவையும் யாரும் எங்களைக் கேட்கவில்லை.
உதவிக்கு வந்தவள் என்று நினைக்காதீர்கள்.
புகை யாருடையதோ பாக்கியும் அவருடையது.
நான் வசூலுக்கு வந்திருக்கிறேன்."

வசூல் எனக்குத் தெரியும்.
செகாம்புட்டில் வெள்ளம் வடிந்த மாதம்
மெத்தைக்கும் ஃபிரிட்ஜுக்கும் மோட்டார் சைக்கிளுக்குமாய்
ஆலோங்கிடம் மூவாயிரம் வாங்கினேன்.
இரண்டு தவணை தப்பியது.
விடிகாலையில் கேட்டெல்லாம் சிவப்புச் சாயம்.
அடையாள அட்டையின் நகல், என் முகத்தோடு,
விளக்குக் கம்பத்தில்.
அப்படி வசூல் பார்த்தவனுக்கு
தாளை நாலாய் மடித்துக்கொண்டு
"மாண்புமிகு தலைவர் அவர்களே" என்று தொடங்கும்
இந்த வசூல்காரி புதிது.

சிவப்பு எரிந்தது.
அழுத்தினேன்.
இதை மாற்றிச் சொல்லப்போவதில்லை. அழுத்தினேன்.

அவள் உட்காரவில்லை.
முதல் வரிசை போனைப் பார்த்தது.
தலைவர் அடுத்த பெயரைத் தேடினார்.
அந்தப் பொத்தான் அடைப்பது ஒலிபெருக்கியைத்தான்,
பதிவை அல்ல.
என் ஹெட்போனுக்குள் அவள் இருந்தாள்.
ஆங்கிலத்தை விட்டுவிட்டிருந்தாள்.
தன் பாஷையில் ஊர்ப்பெயர்களோ ஆட்பெயர்களோ,
ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மூச்சு.
பதினேழு எண்ணினேன்.
பிறகு ஆங்கிலத்தில், யாருக்கும் இல்லாமல்,
"இன்னும் இருக்கிறது."

மைக்கைக் கழற்றும்போது
அழுத்தியது நான்தான் என்றேன்.
தெரியும், உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள்.
அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல்
என் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது என்றேன்.
எவ்வளவு?
விலாவில் கையை வைத்துக் காட்டினேன்.
மடித்த தாளைப் பிரித்தாள்.
செகாம்புட்,
எழுத்தெழுத்தாய்ச் சொல்லச் சொன்னாள்.
மூலையில் எழுதி
பக்கத்தில் ஒரு சின்னக் கோடு,
விலா உயரத்துக்கு.

இரவு பத்தரை.
செயலகத்துக்கு அவர்களுடைய மூன்று நிமிடங்களை
ஆள்வாரியாக வெட்டி அனுப்பிவிட்டேன்.
வெட்டியதில் மிஞ்சியது நாற்பது வினாடி.
யாரும் கேட்கப்போவதில்லை,
அழிக்கவும் கை வரவில்லை.
வெளியே மழை பிடித்துவிட்டது,
லோங்காங் உறுமத் தொடங்கியிருந்தது.
கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி.
பாக்கி என்று அடித்துவிட்டு
ஃபிரிட்ஜின் காலுக்கு
இன்னொரு செங்கல் வைக்க எழுந்தேன்.